சராசரி எடுப்பது யார்? பி.டபிள்யூ.எம். பற்றி எளிமையாக

பெருந்துறைக்குப் பக்கத்தில் என் தங்கை வீட்டில் புதிதாக வீடு கட்டி, போன ஆவணியில் பால் காய்ச்சினார்கள். ஹால் முழுக்க ஃபால்ஸ் சீலிங், அதன் ஓரத்தில் உள்ளே மறைத்து ஒட்டிய எல்.இ.டி. ஸ்ட்ரிப், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கச் சுவரில் ஒரு டிம்மர். நேரில் பார்க்க எல்லாம் அழகாகத்தான் இருந்தது. மறுநாள் சொந்தக்காரர்கள் எடுத்த வீடியோக்களைப் போட்டுப் பார்த்தால், ஹாலில் எடுத்த எல்லாவற்றிலும் குறுக்கே கறுப்புப் பட்டைகள் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கின்றன. "ஏனுங்க மச்சான், லைட்டு ரிப்பேருங்களா? கண்ணுல பாத்தா நல்லாத்தானுங்க தெரியுது, போன்ல மட்டும் கோடு கோடா ஓடுது" என்று மாப்பிள்ளை போன் செய்து கேட்டார்.

லைட் ரிப்பேர் இல்லை. அந்த லைட் நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை அணைந்து அணைந்து எரிகிறது, அதுதான் போனில் தெரிகிறது. மங்கலாக்கும் முறையே அதுதான், பெயர் பி.டபிள்யூ.எம்., பல்ஸ் விட்த் மாடுலேஷன். தமிழ்ப் பாடப்புத்தக நடையில் துடிப்பு அகலப் பண்பேற்றம் என்பார்கள். பெயர் மிரட்டினாலும் விஷயம் சின்னது. ஒரு ஸ்விட்சை முழுசாகப் போடுவது, முழுசாக அணைப்பது, இதை வேகமாகத் திரும்பத் திரும்பச் செய்வது, ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு நேரம் போட்டிருக்கிறோம் என்பதை மட்டும் மாற்றுவது. அவ்வளவுதான் அதன் இலக்கணம். ஆனால் இந்த ஒரே தந்திரம்தான் அந்த ஸ்ட்ரிப்பை மங்கலாக்குகிறது, அதற்கு 12 வோல்ட் கொடுக்கிற அடாப்டருக்குள்ளும் வேலை செய்கிறது, உங்கள் போன் சார்ஜருக்குள்ளும் இருக்கிறது.

ஏன் இப்படிச் சுற்றி வளைக்க வேண்டும், ரேடியோவில் சத்தத்தைக் குறைக்கிற மாதிரி கரண்டைக் குறைத்துவிட்டால் போதாதா என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. பாலிடெக்னிக் படிக்கும்போது பழைய ரேடியோவில் இருந்து கழற்றிய வால்யூம் கன்ட்ரோல் ஒன்றை ஐந்து மீட்டர் ஸ்ட்ரிப்போடு தொடராக இணைத்துத் திருப்பினேன். குறைந்த வெளிச்சத்தில் சரியாகத்தான் இருந்தது, கூட்டிக்கொண்டே போனபோது உள்ளே இருந்து மெல்லிய புகை, கருகிய பேக்லைட் வாசம். பிரித்துப் பார்த்தால் கார்பன் வளையத்தில் முள் தொட்டுக்கொண்டிருந்த இடத்தில் நகக்கீறல் போல ஒரு வெள்ளைக் கோடு, அங்கே கார்பனே இல்லை. அது கால் வாட்டுக்கும் குறைவான வெப்பத்தைத் தாங்குவதற்குச் செய்த பொருள். நான் அதற்குள் ஓட விட்டது ஒரு ஆம்பியருக்குப் பக்கமான கரண்ட்.

இங்கே கவனிக்க வேண்டியது வெப்பம் எங்கே பிறக்கிறது என்பது. ஒரு பாகத்தில் வீணாகும் வாட் என்பது அதன் இரு முனைக்கும் இடையே உள்ள வோல்டேஜையும் அதன் வழியே ஓடும் கரண்டையும் பெருக்கினால் வருவது. இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தால்தான் சூடு. ஸ்விட்ச் முழுசாக அணைந்திருந்தால் வோல்டேஜ் உண்டு, கரண்ட் இல்லை, பெருக்கினால் பூஜ்யம். முழுசாகப் போட்டிருந்தால் கரண்ட் உண்டு, ஸ்விட்சின் இரு முனைக்கும் நடுவே வோல்டேஜ் அநேகமாக இல்லை, மறுபடியும் பூஜ்யத்துக்குப் பக்கம். பாதி திறந்தும் திறக்காமலும் நடுவில் நிற்கும்போதுதான் இரண்டும் சேர்ந்து சூடாகிறது. மொஸ்ஃபெட் என்கிற ட்ரான்சிஸ்டரை ஸ்விட்சாகப் பயன்படுத்தினால், முழுசாகப் போட்ட நிலையில் அதன் தடை 0.02 ஓம் அளவுக்குத்தான் இருக்கும். 2 ஆம்பியர் ஓடினாலும் வீணாவது 0.08 வாட், கை வைத்தால் சூடே தெரியாது.

பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம்) பாசனத்தில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லிப் புரிய வைப்பது சுலபம். ஆயக்கட்டு முழுவதையும் நான்கு மண்டலமாகப் பிரித்து, ஒரு மண்டலத்துக்குத் திறக்கும்போது மற்றவற்றுக்கு அடைப்பு, அப்புறம் அடுத்த மண்டலம். நாலு பேருக்கும் எப்போதும் கால்வாசித் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கலாமே என்றால், சிறு கசிவாகப் போகிற தண்ணீர் வாய்க்காலிலேயே சுண்டிவிடும், கடைமடைக்கு வந்து சேராது. அதனால் விட்டால் நிறைய விடு, இல்லையென்றால் அடை. வயலுக்கு அது போதும், ஏனென்றால் தண்ணீர் வராத நாட்களுக்கு மண்ணும் கிணறும் தேக்கி வைத்துக்கொள்கின்றன. விட்டு விட்டு வருகிற தண்ணீரைச் சீராக மாற்றுவது வாய்க்கால் இல்லை, மண். பி.டபிள்யூ.எம்.மிலும் இதே கேள்வியைத்தான் கேட்க வேண்டும்: விட்டு விட்டு வருவதைச் சராசரியாக்குவது யார்? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால் மீதி எல்லாம் தானாக விளங்கும், பட்டை ஓடுகிற வீடியோ உட்பட.

முதலில் இரண்டு சொற்கள். ஸ்விட்ச் போட்டு அணைத்து மறுபடி போடுகிற வரைக்கும் ஒரு சுற்று, நொடிக்கு எத்தனை சுற்று என்பது ஃப்ரீக்வென்சி. ஒரு சுற்றில் எத்தனை பங்கு நேரம் போட்டிருக்கிறோம் என்பது டியூட்டி சைக்கிள், கடைப் பேச்சில் வெறும் டியூட்டி. நொடிக்கு 1000 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு ஒரு மில்லி செகண்ட், அதில் கால் மில்லி செகண்ட் மட்டும் எரிந்தால் டியூட்டி 25 சதவீதம். வெளிச்சத்தை மாற்ற ஃப்ரீக்வென்சியைத் தொடுவதில்லை, டியூட்டியை மட்டும்தான் மாற்றுகிறோம். துடிப்பின் அகலம் என்று பெயரில் வருவது இந்த எரியும் நேரத்தின் நீளம்தான்.

சரி, ஸ்ட்ரிப் லைட்டில் சராசரி எடுப்பது யார்? நம் கண். எல்.இ.டி. அதைச் செய்வதில்லை, அது ஒரு பொட்டு நேரம்கூடக் காத்திருக்காமல் கரண்ட் வந்ததும் எரியும், நின்றதும் அணையும். குண்டு பல்பில் இழை சூடு ஆற நேரமாகும் என்பதால் அது தானே கொஞ்சம் சமன் செய்துகொண்டது, எல்.இ.டி.யில் அந்தச் சூட்டு ஞாபகம் இல்லை. நொடிக்கு நூறு தடவைக்கு மேல் மினுக்கினால் அசையாமல் பார்க்கிற கண்ணுக்குப் பெரும்பாலும் தொடர்ச்சியான வெளிச்சமாகத்தான் தெரியும். இதில் ஒரு லாபமும் உண்டு. எரிகிற ஒவ்வொரு கணமும் எல்.இ.டி. தன் முழுக் கரண்டில் எரிகிறது. கரண்டையே குறைத்தால் வெள்ளையின் சாயல் லேசாக மாறும், ஒரே ஸ்ட்ரிப்பில் ஒரு துண்டுக்கும் இன்னொரு துண்டுக்கும் வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும். டியூட்டியைக் குறைக்கும்போது நிறம் அப்படியே நிற்கும், வெளிச்சம் மட்டும் குறையும்.

போன் கேமராவுக்கு நம் கண்ணின் பொறுமை கிடையாது. அது ஒரு படத்தை ஒரே கணத்தில் மொத்தமாக எடுப்பதில்லை, வரி வரியாக, தறியில் ஊடு விழுகிற மாதிரி, மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வருகிறது. சில வரிகளைப் படிக்கும்போது லைட் எரிந்துகொண்டிருக்கும், சில வரிகளின்போது அணைந்திருக்கும். அணைந்த நேரத்து வரிகள்தான் கறுப்புப் பட்டை. பட்டை அகலமாக, எண்ணிக்கையில் குறைவாக இருந்தால் ஃப்ரீக்வென்சி குறைவு என்று அர்த்தம், மெல்லிசாக நெருக்கமாக இருந்தால் அதிகம். மாப்பிள்ளை வீட்டு டிம்மர் மலிவான ரகம், நூறுகளில் ஓடுகிறது.

இப்போது அடாப்டருக்குப் போகலாம், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். 12 வோல்ட்டைப் பாதி நேரம் போட்டுப் பாதி நேரம் அணைத்தால் சராசரி 6 வோல்ட். கண்ணுக்கு இந்தச் சராசரி போதும். ஆனால் இதையே நேராக ஒரு போனுக்கோ ஆர்டுயினோ என்கிற சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டுக்கோ கொடுத்தால் அது சராசரியைப் பார்க்காது, நொடிக்கு ஆயிரம் தடவை 12 வோல்ட் அடி வாங்கும், போய்விடும். அங்கே சராசரி எடுக்கிற வேலையை யாராவது செய்தாக வேண்டும். அதைச் செய்வது ஒரு காயிலும் (கம்பிச் சுருள்) ஒரு கப்பாசிட்டரும் (மின்தேக்கி).

தோட்டத்துக் கிணற்றில் ஆயில் இன்ஜின் ஓடிய காலத்தைப் பார்த்தவர்களுக்குக் காயிலை விளக்கவே வேண்டாம். அந்த இன்ஜினுக்கு இரண்டு பக்கமும் கனமான சக்கரம் இருக்கும். நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் சக்கரம் இரண்டு சுற்று சுற்றினால் ஒரே ஒரு தடவைதான் உள்ளே வெடித்துத் தள்ளும், மீதி நேரம் முழுக்க அந்தச் சக்கரத்தின் ஓட்டம்தான் பம்பை இழுக்கிறது. தள்ளுவது விட்டு விட்டு, தண்ணீர் கொட்டுவது சீராக. காயில் மின்சாரத்துக்கு அதே மாதிரியான சக்கரம். அதில் ஓடும் கரண்ட் சட்டென்று ஏறாது, சட்டென்று நிற்கவும் நிற்காது. ஸ்விட்ச் போட்டிருக்கும்போது கரண்ட் மெல்ல ஏறும், அணைத்த பிறகும் காயில் தன்னிடம் சேர்ந்ததை வைத்துக் கொஞ்ச நேரம் ஓட்டிக்கொண்டே இருக்கும். அப்படி ஓடுவதற்கு ஒரு பாதை வேண்டும், அதற்கு ஒரு டயோடு. அந்த டயோடுக்கு ஃப்ரீ வீலிங் டயோடு என்றே பெயர், மிதிப்பதை நிறுத்தினாலும் சைக்கிள் சக்கரம் ஓடுகிறதே, அதே ஃப்ரீ வீல். கடைசியில் மிச்சமிருக்கிற சின்ன ஏற்ற இறக்கத்தைக் கப்பாசிட்டர் வாங்கிக்கொள்ளும், தோட்டத்துத் தொட்டி மாதிரி.

ஸ்விட்ச், டயோடு, காயில், கப்பாசிட்டர் நான்கும் சேர்ந்தால் பக் கன்வெர்ட்டர். வெளியே வரும் வோல்டேஜ் ஏறத்தாழ உள்ளே வருவதை டியூட்டியால் பெருக்கினால் கிடைப்பது. 12 வோல்ட்டில் இருந்து 5 வோல்ட் வேண்டுமானால் டியூட்டி 42 சதவீதத்துக்குப் பக்கம். பழைய 7805 ரெகுலேட்டர் இதே வேலையைப் பாதி திறந்த மடை மாதிரி செய்தது: 1 ஆம்பியர் எடுத்தால் 5 வாட் நமக்கு, 7 வாட் ஹீட் சிங்க் வழியே காற்றுக்கு. எல்.எம்.2596 போட்ட சின்ன நீல போர்டு பார்த்திருப்பீர்கள், எலக்ட்ரானிக்ஸ் பொருள் விற்கிற கடைகளில் எல்லாம் கிடைக்கும். அது நொடிக்கு ஒன்றரை லட்சம் தடவை போட்டு அணைக்கிறது, அதே மாற்றத்தைச் சுமார் 80 சதவீதத் திறனோடு செய்கிறது.

டியூட்டியை யார் தீர்மானிக்கிறார்கள்? டிம்மரில் நம் கை. சப்ளையில் அதற்கென்று ஒரு ஐ.சி. உட்கார்ந்து வெளியே வரும் வோல்டேஜை எந்நேரமும் பார்த்துக்கொண்டே இருக்கும், ஏறினால் டியூட்டியைக் குறைக்கும், இறங்கினால் கூட்டும். இந்த வேலைக்கு ஒரே சில்லில் அடங்கிய ஐ.சி. 1976இல் வந்தது, அமெரிக்காவின் சிலிக்கான் ஜெனரல் நிறுவனத்தில் ராபர்ட் மமானோ வடிவமைத்த எஸ்.ஜி.1524. அதன் வாரிசான 3525ஐ இன்வெர்ட்டர் சர்வீஸ் செய்கிறவர்கள் யாரிடம் கேட்டாலும் தெரியும்.

இந்தக் கண்காணிப்பின் அருமை நம் ஊர்ப்பக்கம்தான் நன்றாகத் தெரியும். தோட்டங்களில் த்ரீ பேஸ் வந்து எல்லா மோட்டாரும் ஒன்றாக ஓட ஆரம்பித்தால், லைன் கடைசியில் இருக்கிற வீட்டில் 230 வோல்ட் 170க்கு இறங்கிவிடும். சோக் போட்ட டியூப் லைட் பற்றாமல் மினுக்கிக்கொண்டே கிடந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். இன்றைக்கு அதே வோல்டேஜில் போன் சார்ஜரும் ஸ்ட்ரிப் அடாப்டரும் ஒன்றும் நடக்காத மாதிரி வேலை செய்கின்றன. அடாப்டரின் முதுகில் 100-240 என்று அச்சடித்திருப்பதன் அர்த்தம் அதுதான். இப்படி ஸ்விட்ச் போட்டு அணைத்து வேலை செய்கிற அடாப்டருக்கு எஸ்.எம்.பி.எஸ். என்று பெயர், அது முதலில் 230 வோல்ட் ஏ.சி.யை 325 வோல்ட் அளவு டி.சி.யாக மாற்றிக்கொள்கிறது, லைன் 170க்கு இறங்கினால் அது 240 ஆகிறது, உடனே ஐ.சி. டியூட்டியைக் கூட்டி 12ஐ 12ஆகவே வைத்துவிடுகிறது. 325 என்பதை இன்னொரு காரணத்துக்காகவும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கிற பெரிய கப்பாசிட்டரில் அந்த வோல்டேஜ் தங்கியிருக்கும். பழக்கமில்லாதவர்கள் அடாப்டரைத் திறக்கவே வேண்டாம்.

அடாப்டர் ஏன் இவ்வளவு இலேசாகிவிட்டது என்பதற்கும் இந்த வேகம்தான் காரணம். பழைய டிரான்ஸ்ஃபார்மர் நொடிக்கு 50 நடையில் சுமந்த மின்சக்தியை இது 65,000 நடையில், சில அடாப்டர்களில் ஒரு லட்சம் நடையில் சுமக்கிறது. நடை கூடினால் குடம் வேண்டியதில்லை, சொம்பு போதும். அதனால் கனத்த இரும்புத் தகட்டு டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதிலாகத் தீப்பெட்டி அளவு ஃபெரைட் (காந்தப் பொருள்) டிரான்ஸ்ஃபார்மர் போதுமானதாகிவிட்டது. அப்படியென்றால் ஃப்ரீக்வென்சியை இன்னும் இன்னும் ஏற்றலாமே என்றால், ஒவ்வொரு தடவை போடும்போதும் அணைக்கும்போதும் ஸ்விட்ச் அந்தச் சூடான நடு நிலையைக் கடந்துதான் போக வேண்டும். ஒரு தடவைக்குக் கொஞ்சம் சூடு, எத்தனை தடவையோ அத்தனை மடங்கு. அதனால்தான் எல்லாவற்றுக்கும் ஒரு அளவு வைத்திருக்கிறார்கள்.

ஆக மாப்பிள்ளை வீட்டு ஸ்ட்ரிப்புக்குப் போகிற வழியில் இரண்டு பி.டபிள்யூ.எம். இருக்கின்றன. அடாப்டருக்குள் இருப்பது பல பத்தாயிரங்களில் ஓடி, காயிலும் கப்பாசிட்டரும் அதைச் சமன் செய்து, சுத்தமான 12 வோல்ட்டாக வெளியே விடுகிறது. அதற்கு அடுத்து இருக்கிற டிம்மர் அந்தச் சுத்தமான 12 வோல்ட்டை மறுபடி சில நூறு துண்டாக வெட்டுகிறது, சமன் செய்ய அங்கே எதுவும் இல்லை, கண்ணை நம்பி விட்டுவிடுகிறது. பட்டைக்குக் காரணம் இரண்டாவதுதான். அடாப்டரை மாற்றினால் பிரயோஜனம் இல்லை, டிம்மரை மாற்ற வேண்டும் என்றேன்.

டிம்மர் எங்கே வர வேண்டும் என்பதில் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். அடாப்டருக்கும் ஸ்ட்ரிப்புக்கும் நடுவில்தான் அதன் இடம். அடாப்டருக்கு முன்னால் 230 வோல்ட் பக்கம் ஃபேன் ரெகுலேட்டரைப் போட்டால், அடாப்டர் அதை லோ வோல்டேஜ் என்று நினைத்து டியூட்டியைக் கூட்டிச் சமாளிக்கப் பார்க்கும், ஒரு எல்லைக்கு மேல் தடுமாறி மினுக்கும், நாளடைவில் கெட்டும் போகும். சீலிங்கில் பதிக்கிற பேனல் லைட்டுகளோடு வருவது வேறு ரகம், கரண்டை ஒரே அளவில் வைத்திருக்கிற கான்ஸ்டன்ட் கரண்ட் டிரைவர். அதற்கும் பேனலுக்கும் நடுவே இந்த 12 வோல்ட் டிம்மரை நுழைக்கக் கூடாது. ஸ்விட்ச் அணையும்போது கரண்ட் போகவில்லையே என்று டிரைவர் வோல்டேஜை ஏற்றிக்கொண்டு நிற்கும், மறுபடி போட்டதும் அத்தனையும் எல்.இ.டி. மேல் பாயும். பேனலை மங்கலாக்க வேண்டுமென்றால் டிம்மிங் வசதியோடு வருகிற டிரைவரைக் கேட்டு வாங்குங்கள்.

கண் சராசரி எடுத்துக்கொள்ளும் என்று சொன்னேன். அசையாத பொருளைப் பார்க்கும்போதுதான் அது சரி. சுற்றுகிற பொருள் என்றால் கண்ணே ஏமாறும், இதை வீட்டு வீடியோ மாதிரி இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது. கோவை கணபதியில் சித்தப்பா லேத் பட்டறை வைத்திருக்கிறார். ஒரு தடவை மெஷினுக்கு மேலே விலை குறைந்த எல்.இ.டி. பல்பு ஒன்றை மாட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார். "ஏங்கண்ணு, இங்க வந்து பாரு, சக்கு ஓடுது, ஆனா நிக்கிற மாதிரி தெரியுது." போய்ப் பார்த்தேன். சக்கு என்பது லேத்தில் பொருளைப் பிடித்துச் சுற்றுகிற பாகம், பிடிக்கிற தாடைகள்தான் ஜா. மூன்று ஜா சக்கு, 1000 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 1000 சுற்று), ஆறு ஜா இருப்பது போல மங்கலாக ஒரு உருவம் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. கணக்கு இதுதான்: அந்த பல்பில் டிம்மர் இல்லை, ஆனால் உள்ளே நல்ல கப்பாசிட்டரும் இல்லை, அதனால் லைனின் 50 ஹெர்ட்ஸுக்கு இரண்டு மடங்காக நொடிக்கு 100 தடவை மினுக்கியது. 1000 ஆர்.பி.எம்.மில் ஒரு மினுக்குக்கும் அடுத்த மினுக்குக்கும் நடுவில் சக்கு சரியாக 60 டிகிரி திரும்பும். மூன்று ஜா இருக்கிற இடங்களும் அவற்றுக்கு நடுவில் உள்ள இடங்களும் மாறி மாறி ஒளிர்ந்தால் ஆறு தெரியும். 2000 ஆர்.பி.எம். வைத்திருந்தால் 120 டிகிரி, மூன்றே ஜா, அப்படியே நின்றுவிட்ட சக்கு. நின்றுவிட்டது என்று நினைத்துக் கையை நீட்டினால் என்னாகும் என்று எழுத வேண்டியதில்லை. அன்றைக்கே அந்த பல்பைக் கழற்ற வைத்துவிட்டுத்தான் வந்தேன். டியூப் லைட் காலத்தில் பெரிய பட்டறைகளில் பக்கத்துப் பக்கத்து லைட்டுகளை மூன்று பேஸிலும் பிரித்துப் போட்டதற்கு இதுவே காரணம், ஒன்று மங்கும்போது இன்னொன்று எரியும். குறைந்த ஃப்ரீக்வென்சி டிம்மர் போட்ட ஸ்ட்ரிப்பும் இதே ஆபத்தைத்தான் கொண்டுவரும். லேத், டிரில்லிங், தறி, எது சுற்றினாலும் ஆடினாலும் அதன் மேலே அப்படிப்பட்ட லைட் வேண்டாம்.

எவ்வளவு இருந்தால் போதும்? 2015இல் ஐ.ஈ.ஈ.ஈ. என்கிற மின், மின்னணுப் பொறியாளர் சங்கம் வெளியிட்ட 1789 என்ற பரிந்துரை இதற்கு எண் சொல்கிறது. முழுசாக எரிந்து முழுசாக அணைகிற லைட்டுக்கு 1250 ஹெர்ட்ஸுக்கு மேலே போனால் பாதிப்பு குறைவு, 3000 ஹெர்ட்ஸைத் தாண்டினால் தெரிகிற விளைவு எதுவும் இல்லை. ஆர்டுயினோ ஊனோவில் அனலாக் ரைட் கட்டளை தருவது பெரும்பாலான பின்களில் 490 ஹெர்ட்ஸ், 5, 6ஆம் பின்களில் 980. பழகுவதற்குப் போதும், வீட்டில் நிரந்தரமாக மாட்டுவதாக இருந்தால் டைமர் அமைப்பை மாற்றி ஏற்றிக்கொள்வது நல்லது.

ஆர்டுயினோவில் நீங்களே டிம்மர் செய்கிறீர்கள் என்றால், பின்னை நேராக ஸ்ட்ரிப்போடு இணைக்காதீர்கள், அதில் இருந்து 20 மில்லி ஆம்பியருக்கு மேல் எடுக்கக் கூடாது. நடுவில் மொஸ்ஃபெட் வேண்டும், அதிலும் 5 வோல்ட்டிலேயே முழுசாகத் திறக்கிற லாஜிக் லெவல் ரகம். கடையில் ஐ.ஆர்.எஃப்.இசட்.44 எளிதில் கிடைக்கும், ஆனால் அது நன்றாகத் திறக்க அதன் கேட் என்கிற கட்டுப்பாட்டு முனையில் 10 வோல்ட் வேண்டும், 5 கொடுத்தால் பாதி திறந்த மடையாக நின்று சூடாகும். ஐ.ஆர்.எல்.இசட்.44 என்று கேட்டு வாங்குங்கள், நடுவில் எல் இருக்கிறதா என்று பார்த்து. கேட்டில் இருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டுவிட்டால், போர்டு ஆன் ஆகிற நேரத்தில் லைட் தானாக மினுக்காது.

இன்னொன்றும் உண்டு. டியூட்டிக்காக ஆர்டுயினோவில் கொடுக்கிற 0இல் இருந்து 255 வரையான எண்ணில் 128 கொடுத்தால் பாதி வெளிச்சம் வரும் என்று எதிர்பார்ப்போம், பார்த்தால் முக்கால் வெளிச்சம் மாதிரி இருக்கும். கண் சராசரி எடுத்தாலும் நேர்க்கோட்டில் அளப்பதில்லை, இருட்டில் சின்ன மாற்றத்தையும் பெரிதாகப் பார்க்கும், வெளிச்சத்தில் பெரிய மாற்றத்தையும் கண்டுகொள்ளாது. கண்ணுக்குப் பாதியாகத் தெரிய டியூட்டி சுமார் 22 சதவீதம் இருந்தால் போதும், எண்ணில் 56க்குப் பக்கம். அதனால் நல்ல டிம்மர்களில் குமிழின் நிலையை 2.2 அடுக்குக்கு உயர்த்தி டியூட்டியாக மாற்றுகிறார்கள், அப்போதுதான் திருப்புகிற கைக்கும் பார்க்கிற கண்ணுக்கும் ஒத்துப்போகும்.

தங்கை வீட்டில் பழைய டிம்மரைக் கழற்றிவிட்டு இதையெல்லாம் சேர்த்து நானே ஒன்று செய்து மாட்டியிருக்கிறேன், 4 கிலோ ஹெர்ட்ஸ் அளவில் ஓடுகிறது. மாட்டி முடித்ததும் மாப்பிள்ளை முதலில் செய்தது, போனை எடுத்துச் சீலிங்கைப் பார்த்து வீடியோ ஓட விட்டுக்கொண்டே குமிழைக் கடைசி வரைக்கும் மெல்லத் திருப்பியதுதான். பட்டை வரவில்லை.